மூக்கு வாசலில் நின்ற குட்டியானை

மயிலாப்பூர், அபிராமபுரம், அடையாறு என்று இந்தப் பக்கத்தில் என் தண்ணீர் கேன் ஏறாத அடுக்குமாடி ஒன்று இருந்தால் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டின குடிசையில் பிறந்து, வாடகைக்கு எடுத்த மீன்பாடி என்கிற மூணு சக்கர வண்டியை மிதித்துக் கேன் போட ஆரம்பித்தவன். இன்றைக்கு என் குட்டியானைகள் வரிசையாக நின்றால் எங்கள் தெருவில் வேறு வண்டி நுழைய முடியாது. குட்டியானை என்றால் நாலு சக்கரத்துச் சின்ன லாரி. எங்கள் தொழிலில் யாரும் அதை வேறு பெயரில் சொல்வதில்லை. நான் பெருமை பேசுகிறவன் என்று என் சம்சாரம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பேசுகிறவன்தான். பேச விஷயம் இருக்கிறவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

எங்கள் தொழிலில் சரக்கு ஒரு பொருட்டே இல்லை, வாசல்தான் தொழில். நான் ஆரம்பித்த காலத்தில் அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடி வாட்ச்மேன் என்னைக் கேட்டைத் தாண்டவே விடமாட்டான். விட்டாலும், லிஃப்டில் கேன் ஏற்றக் கூடாது என்பான். தோளில் வைத்து மேல்மாடி வரைக்கும் ஏறினேன். அந்த அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் இன்றைக்கு என்னைப் பார்த்தால் "சார், வாங்க சார்" என்கிறார். வாசலைத் தாண்டுவது எப்படி என்று எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டியதில்லை என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் எடுத்துக்கொண்ட வாசலைப் பார்க்கிற வரைக்கும்.

மகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பிறந்ததிலிருந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டே இருந்தது. என் சம்சாரம் அவனைக் கொஞ்சி முத்தம் கொடுத்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இன்னாயா இது, புள்ள உப்பு கரிக்கிறான்" என்பாள். தகரக் கூரை வீடு, வேர்வைதான் என்று விட்டுவிட்டோம். எத்தனையோ ஆஸ்பத்திரி பார்த்தோம். சளி என்றார்கள், கபம் என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற வயது அவனுக்கு வரவே இல்லை.

மகள் கல்லூரியில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சாயங்காலம் வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவைக் கேட்டாள். "யம்மா, அண்ணனக் கொஞ்சினா உப்பா இருக்கும்னு சொல்லுவியே, நெஜமாவா?" அதற்கப்புறம் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தாள். எனக்குள்ளும் என் சம்சாரத்துக்குள்ளும் ஒரே ஜீனில் ஆளுக்கொரு பழுதான பிரதி இருக்கிறதாம். எங்களை அது ஒன்றும் செய்யாது, நல்லது ஒன்று கூடவே இருப்பதால். பையனுக்கு இரண்டு பழுதும் சேர்ந்து போய்விட்டது. உப்பும் தண்ணீரும் சரியாகப் போக்குவரத்து நடக்காமல், மூச்சுக்குழாயில் சளி பசை மாதிரி ஆகிவிடுகிற வியாதி அது. உப்பாக வேர்ப்பதுதான் அடையாளம். டாக்டர் இதைச் சொன்னபோது என் சம்சாரம் அழவில்லை. "அப்ப நான் சொன்னது கரெக்டு" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

அந்த வியாதிக்கு வழி தேடுவதுதான் தன் வேலை என்று மகள் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். இப்போது அடையாறு பக்கம் மரம் அடர்ந்த ஒரு வளாகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஆற்றங்கரையிலிருந்து அந்த கேட்டுக்குள் படிக்கப் போன முதல் ஆள் என் மகள். அதற்கு முன்னால் போனவன் நான், கேன் போட.

அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். குடோனில் நாலு பேரிடம் சொல்ல வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டு முடித்த கையோடு, மேசைமேல் எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக வைத்தாள்.

"நைனா, இதுங்கதான் மூச்சுக்குழாய் செல்லுங்கன்னு வெச்சுக்கோ. இதுக்குள்ள ஒரு சரக்கு பழுது. நல்ல சரக்கு ஒண்ணு உள்ள அனுப்பணும். அதுக்கு வண்டி வேணும்ல? அதான் வைரஸ்."

"வைரஸா? அது சீக்கு குடுக்கறதாச்சே."

"அதோட கெட்ட சரக்க எறக்கிட்டு, நம்ம ஜீன ஏத்தி அனுப்புவோம். சளி புடிக்க வைக்கிற வைரஸு ஒண்ணு கீது. செல்லுக்குள்ள பூர்றதுல கில்லாடி."

"நம்ம குட்டியானை மாதிரின்னு சொல்லு."

"அதே. ஆனா வாசல்லயே நின்னுடுது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மகளின் வண்டியை நிறுத்துகிற வாட்ச்மேன் எவன் என்று கேட்டேன். ஒருவன் இல்லை, நாலு பேர் என்றாள். முதலில் சளி. மழைக்காலத்துச் சேறு மாதிரி தெருவை மூடிக் கிடக்கும், வண்டி சிக்கிக்கொள்ளும். அடுத்தது, செல்லின் தலைமேல் இருக்கிற பொடிமயிர். அது ஓயாமல் ஆடி ஆடி, சிக்கின வண்டியைச் சளியோடு தொண்டைப் பக்கம் தள்ளிவிடும், நாம் விழுங்கிவிடுவோம். அதையும் தாண்டினால், செல்லின் மேல்தோலில் சர்க்கரைச் சரங்களால் ஒரு புதர் வேலி. வண்டி வாசற்படியைத் தொடவே முடியாது.

"நாலாவதுதான் நைனா பெரிய ரோதனை. வண்டி போயி பெல் அடிச்சாதான் செல்லு கதவத் தொறக்கும். அந்த பெல்லு முன்வாசல்ல இல்ல. பக்கத்துச் சந்துல, செவுத்துல கீது."

"சந்துல பூந்து அடிக்க வேண்டியதுதான?"

"சந்து எங்க கீது? பாரு." ஒட்டி நின்ற டம்ளர்களுக்கு நடுவில் விரலை விட்டாள். நுழையவில்லை. "மயிலாப்பூர் பழைய வீடுங்க மாதிரி, செவுத்தோட செவுரு. நடுவுல தையல் போட்ட மாதிரி இறுக்கிக் கட்டி வெச்சிருக்கு."

என் சம்சாரம் அதுவரைக்கும் மீன்முள்ளை அள்ளிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான கட்டிக்கிறான் ஆண்டவன்? கண்ட வைரசும் உள்ள பூந்துடக் கூடாதுன்னுதான?" என்றாள்.

"அதான்மா பிரச்சன. நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எதுன்னு அதுக்குத் தெரியாது."

நான் சும்மா இருப்பேனா? என் அனுபவத்தை எடுத்து விட்டேன். ஒரு வண்டி நின்றால் நூறு வண்டி அனுப்பு, ஒன்றாவது போகும் என்றேன். அவள் சிரித்தாள். "தெருவுல நூறு வண்டி நின்னா அசோசியேஷன்காரங்க சும்மா இருப்பாங்களா? போலீஸ கூப்புடுவாங்க. ஒடம்பும் அப்டித்தான். வீங்கிடும், காய்ச்சல் வந்துடும். ஆளுக்கே ஆபத்து நைனா." சரி, சுவரை உடை என்றேன். "ஒடச்சா உன் வண்டி மட்டுமா போவும்? தெருவுல போற திருடனெல்லாம் பூந்துடுவான்." டம்ளர்களை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்தினாள், விரலை விட்டு எடுத்தாள், மறுபடி ஒட்டினாள். "இப்டி. கொஞ்ச நேரம் மட்டும் தொறக்கணும், வண்டி பூந்ததும் மூடிக்கணும்."

அவ்வளவு சுலபமாக டம்ளரில் காட்டினாளே தவிர, ஆய்வகத்தில் அது நடக்கவில்லை. தட்டில் தட்டையாகப் பரவி வளர்கிற, மயிரும் சளியும் இல்லாத செல்களில் வைரஸ் ஜோராகப் போனது. அப்போது வீட்டுக்கு லட்டு வாங்கி வந்தாள். அதே வைரஸை, காற்றைப் பார்த்து வளர்ந்த நிஜமான மூச்சுக்குழாய் செல்களில் விட்டபோது ஒன்றும் போகவில்லை. தையலைப் பிரிக்க ஒரு மருந்து போட்டாள். மருந்து கூடினால் செல்கள் உரிந்து வந்துவிட்டன, குறைந்தால் சந்து திறக்கவே இல்லை. ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அவளுடைய மேடம், அவளை வழிநடத்துகிற விஞ்ஞானி, கடுமையான மனுஷி. வரப்போகிற ரிவ்யூ கூட்டத்துக்குள் இந்தச் செல்களில் வைரஸ் போனதைக் காட்டாவிட்டால், தலைப்பை மாற்றிவிட்டு முதலிலிருந்து வேறு வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்து செருப்போடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "வேற தலைப்புன்னா எனக்கு வேணாம் நைனா. வுட்டுட்டு எங்கனா ஸ்கூல்ல வேலைக்குப் போறேன். அண்ணனுக்காகத்தான் வந்தேன், வேற எதுக்கு நான் அங்க ஒக்காரணும்?"

நான் பதில் சொல்வதற்குள் என் சம்சாரம், "செருப்பக் கயட்டிட்டு உள்ள வா. அழுவறதுன்னா உள்ள வந்து அழு" என்றாள்.

உள்ளே வந்தவள் அழவில்லை, கணக்குப் போட்டாள். அவள் கையில் நல்ல செல்கள் தீர்ந்துகொண்டிருந்தன. நிஜ செல் வேண்டும் என்றால் யாராவது மூக்கைக் கொடுக்க வேண்டும். உள்ளே சின்ன பிரஷை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள், அதை ஒரு மாதத்துக்கு மேல் வளர்க்க வேண்டும். பிரஷ் என்றவுடனே ஓடிவிடுகிறார்களாம்.

"எம்மூக்கு இன்னாத்துக்குக் கீது?" என்றேன்.

வீட்டு ஆளின் செல்லை எடுத்தால் தப்பாகப் பேசுவார்கள் என்று தயங்கினாள். மேடத்திடம் நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். பேசவும் செய்தேன். அந்த அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "கமிட்டியில அனுமதி வாங்கணும். நீங்க மனசார சம்மதிக்கணும், பொண்ணுக்காகங்கிற கட்டாயம் இருக்கக் கூடாது. டாக்டர்தான் எடுப்பார், நம்பர் மட்டும்தான் எங்ககிட்ட வரும். உங்களது எதுன்னு உங்க பொண்ணுக்கே தெரியாது" என்றார். சரி என்றேன். என் பெயர் இல்லாமல் நான் கொடுத்த ஒரே சரக்கு அதுதான். என் கேன் ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்கும்.

போனவன் தனியாகப் போகவில்லை. "புள்ளயோட உப்பு பாதி எங்கிட்டேர்ந்து போனதுதான? எம்மூக்கையும் எடுக்கட்டும்" என்று சம்சாரமும் கிளம்பிவிட்டாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார். நல்ல காரியத்துக்குப் போகும்போது, அதுவும் சனிக்கிழமை, எண்ணெய் தேய்க்காமல் எங்கள் வீட்டில் யார் போவார்கள்? விடியற்காலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, தலைக்கு ஊற்றி, காதுக்கு ரெண்டு சொட்டு, மூக்குக்கு ரெண்டு சொட்டு விட்டு, நன்றாக உறிஞ்சி இழுத்துக்கொண்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்தேன். சம்சாரத்துக்கு வெள்ளிக்கிழமைதான் எண்ணெய். அந்த வாரம் வேலையில் விட்டுப்போயிருந்தது.

டாக்டர் என் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். பிரஷை விட்டு எடுத்தார். எடுத்த பிரஷை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, என்ன இது, மூக்குக்குள்ள தாளிச்சிட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

என் சம்சாரம் சிரித்த சிரிப்பு வராண்டா வரைக்கும் கேட்டது. "அஞ்சாவதா வாட்ச்மேன் வேணும்னு எண்ணெயப் போட்டு அனுப்பிக்கிறாரு டாக்டர்" என்றாள். அன்றைக்கு அவளுடைய மூக்கு மட்டும் தேறியது. என்னை வேறொரு நாள் வரச் சொன்னார்கள். இடையில் எண்ணெய் இல்லை, மூக்குப்பொடி இல்லை. பொடி போடுகிறவனுக்குத்தான் தெரியும், அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று. பட்டணம் பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே போடாமல் இருந்தேன். இதை என்னைத் தவிர வேறு எவனாவது செய்திருப்பானா? அடுத்த முறை மூக்கின் இன்னொரு பக்கத்தில் எடுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் போடவில்லை. "நல்ல அறுவடை" என்றார் டாக்டர். அதை குடோனில் எல்லாரிடமும் சொன்னேன்.

செல்கள் வளர்ந்தன. வளர்ந்துகொண்டிருந்த நாட்களில் மகள் மருந்தை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள். முதலில் சளியைக் கழுவிவிட்டு, அப்புறம் தையலை லேசாகத் தளர்த்தி, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வைரஸை விட்டு, உடனே மருந்தை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். முன்பெல்லாம் மருந்தும் வைரஸும் ஒன்றாகக் கிடந்து ஊறினவாம். இந்த முறை எல்லாமே சுருக்கு. அவளே யோசித்துப் பிடித்தது, நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம் போன் வந்தது. "நைனா, அம்மாவ கூட்டினு வா. மேடம்கிட்ட கேட்டுட்டேன்." குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. லோடு ஏற்றிக்கொண்டிருந்த குட்டியானையை அப்படியே எடுத்துக்கொண்டு, சம்சாரத்தை முன்னால் உட்கார வைத்து, அடையாறு பாலத்தைத் தாண்டினேன். கேட்டில் நின்ற வாட்ச்மேன், "கேன் பின்பக்க கேட்டுல போடணும்" என்றான்.

"இன்னிக்குக் கேன் போட வர்ல தம்பி. உள்ள எம்பொண்ணு கீறா" என்றேன். முன்வாசல் வழியாகவே போனோம்.

செருப்பின்மேல் உறை மாட்டி, இருட்டாக இருந்த ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனாள். முதலில் சாதாரண வெளிச்சத்தில், செல் வளர்த்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்க்கச் சொன்னாள். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடந்திருக்கிறீர்களா? நாம் நடக்க வேண்டியதே இல்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போகும். அப்படி அந்தப் பொடிமயிரெல்லாம் ஒரே பக்கமாக அசைந்துகொண்டிருந்தது. உடம்பை விட்டு வந்து இத்தனை நாள் ஆகியும் வேலையை நிறுத்தவில்லை.

"இப்ப பாரு" என்று வெளிச்சத்தை மாற்றினாள்.

ஒருமுறை மகளோடு விமானத்தில் டெல்லி போனேன். இறங்கும்போது கீழே ஊர் முழுக்க விளக்கு. அந்த மாதிரி, ஆனால் எல்லாம் பச்சை. முன்பு அவள் போனில் காட்டின படங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பொட்டு இருக்கும். இப்போது தெருத் தெருவாக எரிந்தது. அனுப்பின சரக்கு வியாதியைச் சரிசெய்கிற ஜீன் இல்லை. உள்ளே போனால் பச்சையாக ஒளிர்கிற ஒரு ஜீன். வண்டி போனதா இல்லையா என்று தெரிவதற்காக ஏற்றி அனுப்பின பல்பு. அத்தனை வீட்டிலும் பல்பு எரிந்தது.

"பூந்துடுச்சா?" என்றேன்.

"பூந்துடுச்சு. இரு, இன்னும் கத்தாத. மூடிக்கிச்சான்னு பாக்கணும்."

அதுதான் அவளுக்கு முக்கியம். திறந்த சந்து மூடாவிட்டால் அந்த வழி மனுஷ உடம்புக்கு ஆகாது. செல்களின் இரண்டு பக்கமும் ரெண்டு கம்பியை வைத்து மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்ப்பார்கள். தையல் இறுகினால் எண் ஏறும். அதற்குள் மேடமும் வந்து பின்னால் நின்றுவிட்டார். மகள் கம்பியை வைத்தாள். கருவியில் எண் ஓடி நின்றது. எனக்கு அந்த எண் புரியவில்லை, மேடத்தின் முகம் புரிந்தது. மருந்து போடுவதற்கு முன்னால் இருந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பி வந்துவிட்டதாம். அடுத்த கிண்ணத்தை வைத்தாள். அதுவும். அதற்கடுத்ததும்.

"எழுதி வச்சுக்கோ" என்றார் மேடம். பிறகு என்னிடம் திரும்பி, "ரெண்டு வேற ஆளோட செல்லிலயும் இது நடந்திருக்கு. அதனாலதான் நம்பறேன்" என்றார்.

"அந்த ரெண்டு ஆளும் நாங்கதான?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. தெரியவும் கூடாது" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மகளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எது என்னுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேகமாக ஆடினது என்னுடையது. "ஆமா, சொல்பேச்சு கேக்காம ஆடிக்கினே கீதே, அது ஒன்னுதுதான்" என்று சம்சாரமும் ஒத்துக்கொண்டாள். பிறகு கண்ணை மறுபடி கருவியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். யாரைத் தேடிப் பார்க்கிறாள் என்று எனக்கும் மகளுக்கும் தெரியும்.

ரிவ்யூ கூட்டத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம். இது கிண்ணம், மனுஷன் இல்லை என்றார்களாம். நோயாளியின் மூக்கில் இருக்கிற கெட்டிச் சளியில் என்ன ஆகும் என்றார்களாம். இரண்டாவது முறை அனுப்பினால் உடம்பு வண்டியை அடையாளம் கண்டு மறிக்காதா என்றார்களாம். எல்லாவற்றுக்கும் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறாள். தலைப்பு மாறவில்லை. அண்ணனுக்காக எடுத்த வேலை அவள் கையிலேயே இருக்கிறது.

அன்று சாயங்காலம் வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, என் சம்சாரம் நெற்றியில் அழுத்தி முத்தம் கொடுத்தாள்.

"இன்னாம்மா, உப்பு கரிக்குதா?" என்று கேட்டாள் மகள்.

"கரிக்காம? அடையாறுலேந்து பஸ்ல தொங்கினு வந்தா கரிக்கத்தான் செய்யும். போய் மூஞ்சி கய்வு" என்றாள். அந்த உப்புப் பேச்சை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டே பேசினது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் நான் ஒரு பெரிய சிட்டிகை பொடியை ரெண்டு மூக்கிலும் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போனேன். டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். எதிரே டீக்கடைக்காரர், என் வயசுக்காரர், கிளாஸை ஆற்றிக்கொண்டே, "இன்னா மாமா, அப்போ அந்தச் சீக்குக்கு மருந்து கண்டுபுடிச்சிடுச்சா ஒம்பொண்ணு?" என்று கேட்டார்.

பொய் சொல்லிப் பெருமைப்பட எனக்கு அவசியம் இல்லை.

"மருந்து இன்னும் வர்ல. அதுக்கு இன்னும் எவ்ளவோ கீது" என்றேன். "ஆனா வண்டி உள்ள போயிடுச்சு. கதவும் மூடிக்கிச்சு. எல்லாருக்கும் டீ போடு."